என் காதில் விழாத ஓர் எழுத்து

ஜனக்புரி,
புது தில்லி.

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அங்கே நீ நலமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது கண்ணு, காய்ச்சல் ஏதும் இல்லையே, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, சாப்பிடுகிறாயா. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய எதையும் நீ திறக்கவில்லை. மாப்பிள்ளைதான் சொன்னார், "உங்க பேரைப் பார்த்ததும் மூடி வச்சிடுறா அத்தை, காகிதத்துல எழுதி அனுப்புங்க, தூக்கிப் போட மாட்டா, என்னைக்காவது பிரிப்பா" என்று. அந்த என்றைக்காவது சீக்கிரம் வரட்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி மது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

நீ எப்போதும் வீடியோவில்தான் வருவாய், அன்று குரலில் மட்டும் வந்தாய். நான் காலையில் பள்ளிக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன், அங்கே உனக்குத் தெரியாதது இல்லை, ஈ-ரிக்‌ஷாக்காரர்கள் ஆள் பிடிக்கிற சத்தம், பின்னால் நிற்கிற வண்டிகளின் ஹாரன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "கொழந்த தங்கலம்மா" என்று நீ சொன்னாயாம். மாப்பிள்ளை பிறகு எழுதித்தான் எனக்குத் தெரியும். என் காதில் விழுந்தது "கொழந்த தங்கம்மா" என்று. அந்த வாரம் ஸ்கேன் இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லியிருந்தாய் இல்லையா, அதைப் பார்த்துவிட்டுத்தான் பூரித்துப்போய்ச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு நான் சொன்ன பதில் உனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. "ஆமாண்டி, தங்கம்தான், தங்கமேதான், நான் வேண்டிக்கிட்டபடியே நடந்துருச்சு, இப்பத்தான் எனக்கு நிம்மதி." ஆஸ்பத்திரியிலிருந்து வயிற்றில் குழந்தை இல்லாமல் வீட்டுக்கு வந்து, முதல் முதலில் அம்மாவுக்குப் போன் செய்த பெண்ணிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் நீ என்னவோ சொன்னாய், பஸ் வந்து நின்ற சத்தத்தில் அது போய்விட்டது, நான் வழக்கம்போல "சரிடி, சரிடி" என்றேன். லைன் கட் ஆனது. சிக்னல் இல்லை போல என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். போகிற வழியில் இறங்கி மிட்டாய்க் கடையில் காஜு பர்ஃபி வாங்கி ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கொடுத்தேன் மது. என் கையால் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளையில் மாப்பிள்ளையிடமிருந்து மெசேஜ் வந்தது. "குழந்தை கலைந்துவிட்டது என்று அவள் அழுதுகொண்டே சொன்னதற்கு நீங்கள் ஏன் அத்தை அப்படிச் சொன்னீர்கள், நாங்கள் உங்களுக்கு என்ன செய்தோம்" என்று கேட்டிருந்தார். நான் அதை முதலில் வேறு யாருக்கோ எழுதியது தவறி எனக்கு வந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் ஒவ்வொரு வார்த்தையாக உள்ளே இறங்கியது. டப்பாவை மூடக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மேகலாதான் என்னைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள், நீ கல்யாணமாகிப் போன பிறகு எங்கள் பள்ளியில் சேர்ந்த கணக்கு டீச்சர், போன தடவை நீ வந்தபோது உனக்கு மெஹந்தி வைத்துவிட்டாளே அவள்தான். உடனே மாப்பிள்ளைக்கு எழுதினேன், எனக்குக் காது கேட்பதில்லை, நான் தங்கம் என்று எடுத்துக்கொண்டேன் என்று. அவர் நம்பினார், அல்லது நம்ப முயன்றார். நீ நம்பவில்லை. "இத்தனை நாள் வீடியோவுல நல்லா பேசின அம்மாவுக்கு அன்னைக்கு மட்டும் காது போச்சாமா" என்று நீ கேட்டதாகச் சொன்னார். நீ கேட்டது நியாயம்தான். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வீடியோவில் நான் உன் குரலைக் கேட்டதே கிடையாது மது, உன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா இருந்தவரை எனக்கே இது முழுதாகத் தெரியாது. யார் என்ன சொன்னாலும் அதை இன்னொரு தரம் உரக்கச் சொல்வது அவர் பழக்கம், பால்காரர் சொன்னதை, டிவியில் சொன்னதை, நீ போனில் சொன்னதை. நாம் இரண்டு பேரும் அவரைக் கேலி செய்வோம், ஞாபகம் இருக்கிறதா. அவர் தெரிந்தேதான் செய்தாரோ என்று இப்போது தோன்றுகிறது, இனிமேல் அதைக் கேட்க முடியாது. அவர் போன பிறகு நான் உதடுகளைப் பிடித்துக்கொண்டேன். வகுப்பில் பிள்ளைகள் பழம் என்று வாசிக்கிறார்களா பலம் என்று வாசிக்கிறார்களா என்பதைக்கூட நாக்கு மடிவதைப் பார்த்துத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். தெரிந்தால் வகுப்பிலிருந்து எடுத்து ஆபீஸில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். யாருக்கும் தெரியாமல் ஆன்லைனில் ஒரு காது மெஷின் வரவழைத்தேன். போட்டதும் மின்விசிறி, பாத்திரம், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் மண்டைக்குள் வந்து இரைந்தன, வார்த்தை மட்டும் அப்படியே மழுங்கலாக இருந்தது. கழற்றி அலமாரியில் போட்டேன். இந்தக் காதுக்கு இனிமேல் ஒன்றும் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அப்போதே ஒழுங்காக ஒருவரிடம் காட்டியிருந்தால், என்று ஆரம்பிக்கிற நினைப்பு இப்போது நாளெல்லாம் ஓடுகிறது, பாடம் நடத்தும்போதுகூட ஓடுகிறது.

மேகலா என்னை விடவில்லை. முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் கூட்டிப்போனாள், அவர் காதுக்குள் பார்த்துவிட்டு, அழுக்கோ சீழோ எதுவும் இல்லை, உள் நரம்பு தேய்ந்துவிட்டது, காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற ஆடியாலஜிஸ்டைப் பாருங்கள் என்று அனுப்பினார். கரோல் பாகில் மெட்ரோவிலிருந்து இறங்கி நடக்கிற தூரத்தில் ஒரு கிளினிக், ஸ்வப்னா என்று ஒரு வங்காளப் பெண், உன் வயதுதான் இருக்கும். சத்தம் புகாத ஓர் அறையில் என்னை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய சத்தம் கேட்டாலும் பட்டனை அமுக்கச் சொன்னாள். அமுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, எவ்வளவோ சத்தம் அனுப்புகிறாள் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பிறகு வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு ஹிந்தி வார்த்தைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். நான் சொன்னதில் பாதிக்கு மேல் தப்பு. "ஆன்ட்டி, ஆவாஸ் உங்களுக்குக் கேக்குது, ஷப்த் கேக்கல" என்று நான் சொல்லிக்கொடுத்த ரெண்டு தமிழ்ச் சொல்லையும் சேர்த்துச் சொன்னாள், சத்தம் வருகிறது, வார்த்தை பிடிபடவில்லை என்று. கனமான சத்தங்கள் எனக்கு ஓரளவு வருகின்றனவாம், வார்த்தைக்கு வார்த்தை வித்தியாசம் காட்டுகிற மெல்லிய சத்தங்கள்தான் போய்விட்டனவாம். போனில் உதடும் தெரியாது, குரலின் ஒரு பகுதி போனிலேயே வடிகட்டப்பட்டுவிடும், மீதியைக் காது விட்டுவிடும், விட்ட இடத்தை மனசு தனக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்ளும் என்றாள். எனக்குப் பிடித்த மாதிரி. அதைக் கேட்டபோது அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

வெளியே தெரியாத மாதிரி காதுக்குள்ளேயே போகிற குட்டி மெஷின் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருந்தது, அதைத்தான் கேட்டேன். அவள் தலையசைத்து மறுத்தாள். அது இவ்வளவு குறைவுக்குப் போதாது, அதில் ஒரே ஒரு மைக்தான் அடங்கும், எதிரே நிற்கிறவர் குரலையும் பின்னால் வருகிற இரைச்சலையும் பிரிக்க இரண்டு மைக் வேண்டும், வகுப்பில் நிற்கிறவருக்கு அது இல்லாமல் ஆகாது என்றாள். என் கையை வாங்கிப் பார்த்தாள், விரல் முட்டி வீங்கி இருப்பதைக் கண்டு, பொட்டு அளவு பேட்டரியை உங்களால் மாற்ற முடியாது, சார்ஜ் போடுகிறதுதான் சரி என்றாள். ஏதோ ஒரு கம்பெனி புத்தகத்தில் நடக்கிற அடியை எண்ணுவது, பாஷை மாற்றிச் சொல்வது என்று என்னென்னவோ போட்டிருந்தது, அதையெல்லாம் பேனாவால் அடித்தாள், இது எதுவும் உங்களுக்கு வேண்டாம் என்று. இடது காதில் கனத்த சத்தம் இன்னும் நன்றாக வருவதால் ஓட்டை போட்ட மெத்தென்ற முனை போதும், அடைத்தால் நாள் முழுக்கப் பாடம் நடத்துகிற உங்கள் குரலே உங்களுக்குப் பானைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும் என்றாள். வலது காது மோசம், அதற்கு மட்டும் காதுக்குள் பசையை ஊற்றி அச்சு எடுத்துத் தனியாகச் செய்ய அனுப்பினாள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஹிந்தியில் ஒன்று கேட்டாள். "எது கேக்கணும்னு ரொம்ப ஆசை ஆன்ட்டி, அதை வச்சுத்தான் நான் இதை அமைப்பேன். கிளாஸா, டிவியா, கோயிலா?" நான் போன் என்றேன். யாரோட போன் என்றாள். மேகலாதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளிடம் எல்லாவற்றையும் ஹிந்தியில் சொன்னாள். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, போன் குரல் நடுவில் எங்கும் போகாமல் நேராக இரண்டு காதுக்கும் வருகிற மாதிரி உள்ளதைத்தான் எடுக்க வேண்டும், ஒரு காதில் விட்டதை இன்னொரு காது பிடிக்கும் என்று சொல்லி, வேறு ஒரு பெட்டியைத் திறந்தாள்.

அச்சு வந்த பிறகு மறுபடி போனோம். காதுக்குள் நூல் போல ஒரு மெல்லிய குழாயை விட்டு, கம்பெனி கம்ப்யூட்டர் சொல்வது ஒன்று, உங்கள் காதுக்குள் போவது ஒன்று, அதை அளந்து பார்க்கிறேன் என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. உங்கள் மகள் பேசுகிற பாஷையில்தான் சோதிக்க வேண்டும் என்று சொல்லி மேகலாவை வராண்டாவுக்கு அனுப்பி, அங்கிருந்து என் போனுக்குக் கூப்பிட வைத்தாள். மேகலா கல் என்றாள், பல் என்றாள், வலி, வழி, மணி, பணி என்று சொல்லிக்கொண்டு போனாள், எனக்குக் கொஞ்சம் வந்தது, கொஞ்சம் வரவில்லை, ஸ்வப்னா ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றி இறக்கினாள். நான்தான் கேட்டேன் மது, "மேகலா, மது சொன்னாளே, அதைச் சொல்லு" என்று. "என்னால முடியாதுக்கா, அதை எப்படிக்கா நான் என் வாயால சொல்லுவேன்" என்றாள். சொல்லு, நீ சொன்னால்தான் நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருப்பேன் என்றேன். சொன்னாள். எனக்குக் கேட்டது, "கொழந்த தங்கம்மா." மறுபடி அதே தங்கம். அவ்வளவு மெஷினையும் மாட்டிக்கொண்டு மறுபடி அதே தங்கம். நான் தலையில் அடித்துக்கொண்டேன், இதைக் கழற்றி எடுத்துவிடு, எனக்கு வேண்டாம் என்று ஸ்வப்னாவிடம் கத்தினேன், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினாள். "ருகியே ஆன்ட்டி, ஏக் பார் அவுர்", பொறுங்கள், இன்னும் ஒரே தரம் என்று சொல்லி, வலது காது அச்சைக் கழற்றி, மறுபடி திருகி உட்கார வைத்து, மறுபடி அந்தக் குழாயை விட்டு அளந்தாள், மறுபடி எதையோ ஏற்றினாள். மேகலா அழுதுகொண்டே இன்னொரு தரம் சொன்னாள். வந்தது. நாக்கு மேலே தொட்டுவிட்டுக் கீழே விழுகிற அந்தச் சின்ன ல வந்தது. தங்கலம்மா. கொழந்த தங்கலம்மா.

மெஷின் வேலை செய்கிறது என்று அந்த அறையில் யாரும் சந்தோஷப்படவில்லை. மெசேஜில் படித்ததெல்லாம் கண்ணால் படித்தது மது. என் பேரக்குழந்தை போய்விட்டது என்று ஒரு குரல் என் காதில் சொன்னது அப்போதுதான். அதை நீ சொல்லிக் கேட்டு, ஐயோ என் கண்ணே என்று உடனே அலறியிருக்க வேண்டியவள், மற்றொருத்தி சொல்லிக் கேட்டு, நீ இல்லாத போனைப் பிடித்துக்கொண்டு அலறினேன். ஸ்வப்னா விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

இப்போது இரண்டு காதிலும் போட்டுக்கொண்டிருக்கிறேன், காலையில் பல் விளக்கியதும் மாட்டுவேன், படுக்கப் போகும்போதுதான் கழற்றுவேன். சரியாக வருகிறதா என்று கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மறுபடி மாற்றி அமைப்பாளாம். எல்லாம் தகரத்தில் தட்டுகிற மாதிரிதான் இருக்கிறது, மூளை பழக மாதங்கள் ஆகுமாம். போன் எப்போதும் என் கையில்தான் இருக்கிறது. பார்சல்காரன் கூப்பிடுகிறான், கேட்கிறது. லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்கிறாள், அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. எனக்கு வேண்டாத குரலெல்லாம் தெளிவாகக் கேட்கிறது. உன் குரல் மட்டும் வரவில்லை. ஸ்வப்னா பொய் சொல்லாத பெண், நானே கேட்டபோது மறைக்காமல் சொன்னாள், போனது திரும்பாது, வலது காது இன்னும் குறையலாம், மெஷின் இருப்பதை வைத்துத்தான் வேலை செய்யும் என்று. அதனால்தான் இப்படிக் கெஞ்சுகிறேன். கோபம் தீர்ந்து நிதானமாக நீ ஒரு நாள் கூப்பிடும்போது என்னிடம் எவ்வளவு காது மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கோபம் தீர வேண்டாம், கோபத்தோடேயே கூப்பிடு. மாப்பிள்ளை அந்தப் பரிசோதனைக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், உனக்குக் காட்டுவதற்கு. நான் அனுப்பவில்லை. அம்மாவை நம்புவதற்கு உனக்கு ஒரு கிராஃப் வேண்டும் என்ற நிலைமையில் நாம் இருக்க வேண்டாம், நம்பாவிட்டால் பரவாயில்லை, திட்டுவதற்காவது கூப்பிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தை பெற்றவளுக்கு எவ்வளவு ஓய்வோ அவ்வளவு ஓய்வு இதற்கும் வேண்டும், யார் என்ன சொன்னாலும் சீக்கிரம் வேலைக்குப் போகாதே. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை விடாதே, பூண்டு உரித்துப் பாலில் வேக வைத்துக் குடி, மாப்பிள்ளைக்குச் செய்யத் தெரியாவிட்டால் எனக்கு எழுதச் சொல், நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஏதோ தூக்கினேன், எங்கேயோ நடந்தேன், அதனால்தான் இப்படி ஆனது என்று உட்கார்ந்து யோசிக்காதே, நீ எதுவும் தப்பாகச் செய்யவில்லை. மாப்பிள்ளையிடமும் கொஞ்சம் பேசு, அவருக்கும் அது குழந்தைதான், உன் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டிருப்பார். அங்கே வரட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியை எடுத்துவிடுவேன்.

முகத்தைக் காட்ட விருப்பம் இல்லையென்றால் வீடியோ வேண்டாம் மது. குரலில் மட்டும் வா. பேசக்கூட வேண்டாம், லைனில் இருந்தால் போதும். அன்று நீ அழுததை, சந்தோஷத்தில் சிரிக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நீ இப்போது அழுதால் அது அழுகை என்று எனக்குத் தெரியும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும், உன் அப்பா எங்கிருந்தாலும் உன் தலையில் கை வைத்துக்கொண்டுதான் இருப்பார், என் கையும் அங்கேதான் இருக்கிறது.

உன் அம்மா,
உஷாராணி

ஒன்று எழுத மறந்துவிட்டேன், கூப்பிடுவதற்குப் பள்ளி நேரமாயிற்றே என்று தயங்க வேண்டாம். என் காதைப் பற்றி பிரின்சிபாலிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். வகுப்பில் போன் வந்தால் நான் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விடுவேன், நீங்கள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர்களே மேஜை மேலே இருக்கிற போனைப் பார்த்துக்கொள்கிறார்கள்.